காத்திருக்க முடிந்தவர்கள்: சேலம், ஏற்காடு பயணக் குறிப்புகள்

ஜனவரி 23, 2025, வியாழன் – செவ்வாய்ப்பேட்டை

2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நான் அங்கே ஒரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயக் கழிவால் நொய்யல் ஆறு செத்துக்கொண்டிருந்தது, உத்தரவில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மாதம் யார் ஊரில் நின்றார்கள், யார் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள் என்பதைக் கூலிப் பதிவேட்டிலேயே பார்த்தேன். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கேள்வி கூடவே வருகிறது. எங்கோ ஒரு முடிவு எடுக்கப்படுகிறது, இங்கே யாரால் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடிகிறது? இந்தத் தடவை ஓய்வுக்காகத்தான் கிளம்பினேன். ஓய்வு கிடைக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் காலை பத்து மணிக்கே லீ பஜார் மூட்டைகளால் அடைத்துக் கிடந்தது. வெல்லம், பருப்பு, மிளகாய் வற்றல். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே சந்துக்குள் நுழைந்தேன். வழி கேட்ட கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி, திருப்பம் வரை கூடவே நடந்து வந்து காட்டினார். சேலத்துக்காரர்களிடம் நான் பார்த்த முதல் மரியாதை அது.

தெரிந்தவர் மூலம் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டின் முன்னறைதான். கணவர் கம்பி இழுத்து வளையம் சேர்க்கிறார், மனைவி பொடி வைத்துப் பற்றவைக்கிறார், கல்லூரிக்குப் போகும் மகள் மாலையில் சலங்கை மணி கோக்கிறாள். மின்விசிறி போட்டால் சுடர் அலையும் என்பதால் அறைக்குள் காற்றே இல்லை. எனக்கு மட்டும் வாசல்படியில் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

"வெள்ளி நம்முளுது இல்லீங்கக்கா. கடைக்காரரு நிறுத்துக் குடுப்பாரு, கொலுசா நிறுத்து வாங்கிக்குவாரு. நமக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி," என்றார் அந்த அம்மா.

இதில்தான் சிக்கல். கிராம் நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து வாங்குகிறவர்கள் எடை குறைந்த கொலுசையே கேட்கிறார்களாம். மெல்லிய கொலுசுக்கும் அதே வளையம், அதே பற்றவைப்பு, சொல்லப்போனால் கூடுதல் கவனம். கூலி மட்டும் எடைக்கு. விலை ஏறினால் வெள்ளி வைத்திருப்பவருக்கு லாபம், கை வைத்திருப்பவருக்கு நட்டம். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது சனிக்கிழமைக் கூலி வாரக்கணக்கில் நின்றது. அடுத்த வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. வேலையெல்லாம் பில் போடத் தெரிந்த பெரிய பட்டறைகளின் கைக்குப் போய்விட்டது. "அப்ப ரெண்டு மாசம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். கணவர் தலை நிமிராமல், "தறிக்குப் போனேன்" என்றார். அவ்வளவுதான் பதில்.

மாலையில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். ஒரு செட் முப்பது ரூபாய். தள்ளுவண்டிக்காரர் கையில் வைத்த வேகத்தில் தின்றுவிட வேண்டும், நேரம் போனால் வடை ஊறிவிடும். பக்கத்தில் நின்ற பெரியவர் சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய அன்று அவருக்கு ஒன்பது வயது, அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். ஆலையில் தகடு உருண்டு வர 1981 ஆனது. நிலம் கொடுத்த குடும்பங்கள் அந்தப் பதினோரு வருஷத்தை எப்படி ஓட்டின என்று ஒரு பாடே சொன்னார். 2019-ல் தனியாருக்கு விற்க விண்ணப்பம் கேட்டபோது தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாசலில் உட்கார்ந்தார்கள். "நிரந்தர வேலைக்காரன் உக்காந்துட்டான். கான்ட்ராக்ட் பையன் உக்கார முடியுமா? ஒரு நாள் கூலி போச்சுன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது," என்றார். என் செட்டுக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டார்.

ஜனவரி 24, வெள்ளி – ஆத்தூர் சாலை

காலையில் லேசான பனி, ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்ற வெயில். சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைக்காரர்களுக்கு இந்த வெயில் வரம். சிமென்ட் களம் முழுவதும் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்கிறது. கண் கூசுகிறது. கிழங்குச் சக்கையான திப்பியின் புளித்த வாடை சாலை வரைக்கும் வருகிறது. ஒரு மணி நேரத்தில் அதற்கும் மூக்கு பழகிவிட்டது.

ஜவ்வரிசி இந்த ஊருக்கு வந்த கதையே ஒரு நெருக்கடியின் கதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த சேகோ நின்றுபோனது. 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கில் அந்தத் தொழிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்த பொபட்லால் ஷாவோடு சேர்ந்து, இங்கே விளைந்த குச்சிக்கிழங்கிலேயே (மரவள்ளி) செய்து பார்த்தார். மாவைத் தொட்டிலில் இட்டு ஆட்டி உருட்டினார்கள், வாணலியில் வறுத்தார்கள். மலாயாவில் சேகோ பனையின் தண்டிலிருந்து வந்தது, சேலத்தில் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனால் என்னை அசத்தியது கிழங்கின் அவசரம். பிடுங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் அரைக்காவிட்டால் உள்ளே கருத்துவிடும். ஆலை வாசலில் டிராக்டர் நிற்கிறது, கிழங்கை எடுத்து மாவுச்சத்து 'பாயிண்ட்' பார்க்கிறார்கள், பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. ஒரு விவசாயி பார்க்கும்போதே பாயிண்டில் தகராறு வந்தது. அவர் கேட்டது இருபத்தெட்டு, ஆலை சொன்னது இருபத்தாறு. கால் மணி நேரம் வாதாடினார். பிறகு வண்டியை உள்ளே விட்டார். திருப்பிக்கொண்டு போய் என்ன செய்வது? டீசல் செலவு ஒருபுறம், கருக்கத் தொடங்கும் கிழங்கு இன்னொரு புறம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதே கிழங்கு ஜவ்வரிசியாகிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. அப்போது காத்திருக்கலாம். எழுபதுகளில் அந்தக் காத்திருப்பும் ஆலைக்காரர்கள் கையில் இல்லை. கடன் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டையைக் கொடுத்தார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானதும் நிலைமை மாறியது. மூட்டையைச் சங்கக் கிடங்கில் வைக்கலாம், அதன்மேல் முன்பணம் வாங்கலாம், மறைமுக டெண்டரில் வரும் விலை பிடிக்காவிட்டால் விற்காமல் நிறுத்தலாம். கிடங்கும் முன்பணமும்: எந்த மேடைப் பேச்சிலும் வராத இந்த இரண்டு காரியங்களைவிடப் பெரிய பொருளாதாரச் சீர்திருத்தம் எதையும் இந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை. கிழங்கு போடுகிற விவசாயிக்கு இப்படி ஒன்று இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மேலாளர் இன்னொன்றும் சொன்னார். மகாசிவராத்திரி பிப்ரவரி 26-ல் வருகிறது. மகாராஷ்டிரத்தில் விரதக்காரர்கள் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பிடுவார்கள். அதனால் பிப்ரவரி தொடக்கத்தில் லாரிகள் வரிசை கட்டும், கிழங்கு விலையும் கொஞ்சம் நிமிரும். இதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் சாலையோரக் கடையில் களியும் கீரைக் கடைசலும், நாற்பது ரூபாய். பரிமாறிய அக்கா என் இலையைப் பார்த்து, கேட்காமலேயே இன்னொரு உருண்டை வைத்துவிட்டு, "வெயில்ல சுத்தறீங்க, சாப்பிடுங்க" என்றார்.

ஜனவரி 25, சனி – மலைப்பாதை

அடிவாரம் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோவில் மிஞ்சியது அந்த வளைவுதான். கதை வசனம் எழுத மு. கருணாநிதி வந்து தங்கிய ஊர் இது. நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதும் இதே சேலத்தில்தான். பின்னாளில் தமிழ்நாட்டையே ஆண்ட பேச்சுக்கு இங்கேயும் ஒரு பட்டறை இருந்திருக்கிறது.

கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியதும் பஸ் சூடாகி நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். யாரும் கத்தவில்லை. ஒரு பாட்டி மடியிலிருந்த வேர்க்கடலையை வரிசையாக எல்லோருக்கும் கொடுத்தார். குரங்குகளுக்கும் பங்கு போனது. நடத்துநர் பின்னால் வந்த லாரியை மறித்துக் குழந்தை வைத்திருந்தவர்களை ஏற்றிவிட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு, ஏரியை மூடிய மூடுபனி. மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு நாற்பது. அறையில் வெந்நீர் வரவில்லை. கேட்டதும் அங்கு வேலை செய்த பையன் சமையலறையிலிருந்து ஒரு வாளி சுமந்து வந்து வைத்துவிட்டுப் போனான்.

மாலை ஐந்து ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வீட்டில். அவருடைய அப்பா ஒரு பெரிய எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்து, சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம். சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். கிரேஞ்ச் எஸ்டேட்டில் தொடங்கியது அது. இருநூறு வருஷப் பயிர். வாசலில் களம், பழுத்த காபிப் பழத்தின் இனிப்பு வாசனை, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி.

"இப்ப நல்ல விலைங்களே?" என்று தொடங்கினேன். டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகா ரகக் காபியின் விலை 1977-ன் உச்சத்தையே தாண்டியிருந்தது.

"நல்ல விலைதான் கண்ணு. இது எத்தனாவது நல்ல விலைன்னு கேளு," என்று உட்கார்ந்தார். காபியை அவர் மனைவி கொண்டுவந்து வைத்தார். சிக்கரி கலக்காதது, பனங்கருப்பட்டி போட்டது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். போர்க் காலத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதால் 1942-ல் காபிச் சட்டம் வந்தது. விளைந்ததை எல்லோரும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்தாக வேண்டும். கொடுத்தவுடன் முன்பணமாக ஒரு பகுதி, மீதி விற்க விற்கத் தவணையில். போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது. தன் தோட்டத்துக் காபியைத் தானே விற்க முடியாது என்று அப்பா கோபப்படுவாராம், ஆனால் விலை சரிந்த வருஷங்களில் அந்தத் தவணைப் பணம்தான் பள்ளிக்கூடக் கட்டணமாக வந்தது.

அப்புறம் வரிசையாக அடி. 1989 ஜூலையில் உலகக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு உடைந்து விலை சரிந்தது. இந்தியக் காபியை டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கிலேயே ஏராளமாக வாங்கிய சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் இல்லாமலே போனது. "மாஸ்கோவுல கொடி எறக்கினதை டிவியில பாத்தப்ப, நம்ம காபியை இனி யாரு வாங்குவாங்கன்னு இவ கேட்டா. நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது," என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "அப்பவும் நான் சொன்னா கேக்க மாட்டீங்க" என்றார்.

1992-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சந்தையில் விற்க அனுமதி, 1996-ல் முழுச் சுதந்திரம். அதற்கு நடுவே 1994-ல் பிரேசிலில் பனி விழுந்து விலை எகிறியது. கையில் காசைப் பார்த்தவர்கள் ஜீப் வாங்கினார்கள், பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர் வாங்கினார்கள். 2000-க்குப் பிறகு வியட்நாம் காபி பெருகி உலக விலை படுத்தபோது அதே ஜீப்பை விற்றார்கள். சிலர் நிலத்தையும் விற்றார்கள். இன்று ஏரியைச் சுற்றிப் பார்க்கிற விடுதிகளில் சில அப்படி வந்தவை.

இவர் எப்படி நின்றார்? பல்ப்பரும் களமும் இருந்ததால் பழத்தைத் தோல் நீக்கி, பார்ச்மென்ட்டாக, அதாவது உள்ளோடு போகாத கொட்டையாக, காயவைத்து மூட்டை கட்ட முடிந்தது. மிளகுப் பணத்தில் வீடு ஓடியது. ஒரு அறுவடையை ஒன்றே முக்கால் வருஷம் கிடங்கில் வைத்திருந்து விற்றாராம். கீழ்ப்பக்கத்து அரை ஏக்கர்காரர்களுக்குப் பல்ப்பரும் கிடையாது, களமும் கிடையாது. பறித்த பழத்தை அன்று சாயங்காலமே வாசலுக்கு வரும் வேனில் கொடுத்தாக வேண்டும். "நியூயார்க்ல விலை ஏறினா எனக்கு ஏறுது. அவங்களுக்கு வேன்காரன் சொல்றதுதான் நியூயார்க்," என்றார் பெரியவர். இந்த வருஷம் அவர் அக்கம்பக்கத்து நான்கு வீட்டுப் பழத்தையும் தன் பல்ப்பரில் போட்டு, தன் களத்திலேயே காயவைக்க இடம் கொடுத்திருக்கிறார். வாடகை கேட்கவில்லை. என்னைக் களத்துக்கு அழைத்துப் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்திருந்ததைக் காட்டினார்.

இரவு கடுங்குளிர், இரண்டு கம்பளி போதவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு – மலைக்கிராமம்

குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கிராம சபை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் இந்த மாதம் ஐந்தாம் தேதியே முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி. முன்னாள் தலைவரான அம்மா மேடையில் உட்காராமல் கூட்டத்தில் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி முன்வரிசையில்.

பேச எழுந்த முதல் பெண்ணின் கேள்வி நூறு நாள் வேலைக் கூலி பற்றியது. 2024-25-ல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். நவம்பர் கடைசியிலிருந்து வரவில்லை. மாநில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருப்பதாக அலுவலர் சொன்னார். நிலுவை ஆயிரம் கோடிக்கு மேல். அவர் பொறுமையாகத்தான் பேசினார், குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தப் பெண் திரும்பக் கேட்டார்: "கடிதம் போயிருச்சு சார், சரி. பொங்கலுக்குத் துணி கடன்ல எடுத்தேன். கடைக்காரருக்கு நான் என்ன கடிதம் குடுக்க?" கூட்டம் அமைதியாகிவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவரை எழுந்து கும்பிடத் தோன்றியது.

காபிப் பழம் பறிக்கப் போகலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பறிப்பு பிப்ரவரியில் முடிந்துவிடும். அதற்கு மேல் அந்த 319-தான் அவர்கள் கைவசம் உள்ள கிடங்கு.

இன்று மதுக்கடை விடுமுறை என்பதால் கடைத்தெரு சாந்தமாக இருந்தது. இந்த மாவட்டத்துக்கு அதிலும் ஒரு வரலாறு உண்டு. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். வருமான இழப்பை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. நாட்டுக்கே முன்னோடி. கள் இறக்கியவர்களைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சொன்னார்கள். குடி நின்ற வீடுகளில் பெண்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 2003-லிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. விட்ட வருமானத்துக்கு ஈடாக வந்த வரி, வருமானம் திரும்பிய பிறகும் பெயர் மாறி மாறி நிற்கிறது. இடையில் மரமேறத் தெரிந்த ஒரு தலைமுறையின் பிழைப்புக்கு ஈடாக எது வந்தது என்று கேட்க ஆளில்லை.

மாலை பகோடா முனை என்ற காட்சிமுனையில் காற்று ஆளைத் தள்ளியது. கமலா ஆரஞ்சு கிலோ எண்பது சொன்னார்கள், எழுபதுக்குக் கொடுத்தார்கள்.

ஜனவரி 27, திங்கள் – குப்பனூர் வழி

இறங்குவதற்குக் குப்பனூர்ப் பாதை. அடிவாரத்தில் அடுத்த வண்டிக்கு நேரமிருந்ததால் ஒரு தோட்டத்து வேப்பமர நிழலில் ஒதுங்கினேன். தோட்டக்காரர் கட்டிலை இழுத்துப் போட்டு மோர் கொடுத்தார். அந்தப் பக்கம்தான் சேலம் – சென்னை எட்டு வழிச்சாலை போவதாக இருந்தது. 277 கிலோமீட்டர். 2018-ல் அளந்து கல் நட்டார்கள். கல் நட்ட அன்று அவருடைய அம்மா வயலில் விழுந்து அழுததைச் செல்போனில் வைத்திருக்கிறார், காட்டினார். முழுதும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது, பட்டாசு வெடித்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, திட்டத்துக்குத் தடையில்லை என்றது. அதன் பிறகு சாலையும் வரவில்லை, வராது என்ற சொல்லும் வரவில்லை.

காத்திருக்கும் வலுவைப் பற்றியே மூன்று நாளாக யோசித்துக்கொண்டு வந்த எனக்கு இவர் வேறொன்றைக் காட்டினார். காபிக்காரர் தன் விருப்பத்துக்குக் காத்திருந்தார். இவர் அடுத்தவர் விருப்பத்துக்குக் காத்திருக்கிறார். வீட்டுக்கு மாடி எடுக்க நிறுத்திய கம்பி துருப்பிடித்து நிற்கிறது. ஆழ்துளைக் கிணறு போடவில்லை. வங்கியில் நிலத்தை வைத்துக் கடன் கேட்டால் தயங்குகிறார்களாம். "மாஞ்செடி வெச்சா அஞ்சாறு வருசம் ஆகணுங்க காய்க்க. அதுக்குள்ள ரோடு வந்துட்டா? அதான் வருசா வருசம் குச்சிக்கிழங்கே போடறேன், பத்து மாசத்துல புடுங்கிரலாம்," என்றார். பார்த்தால் அவர் தோட்டம் முழுக்கக் கிழங்குதான், இலை உதிர்த்து முற்றி நின்றது.

பிடுங்க ஆள் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். வியாழக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறாராம், விலை போன வருஷத்தைவிட இறங்கிவிட்டது, இன்னும் இறங்கும் என்று தரகர் சொல்கிறாராம். நான் நோட்டை எடுத்து வெள்ளிக்கிழமை எழுதியதை வாசித்தேன்: சிவராத்திரி, மகாராஷ்டிரம், பிப்ரவரி தொடக்கம். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை கெடாதே?

"கெடாதுங்க. தண்ணி மட்டும் ஒரு தடவை கட்டணும்," என்றவர், எந்த ஆலையில் சொன்னார்கள், யார் சொன்னார், அன்று பாயிண்டுக்கு என்ன விலை போட்டார்கள் என்று விசாரித்தார். நோட்டை வாங்கித் தானே ஒரு தரம் படித்தார். பிறகு செல்போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார்.

"மாப்ள, வெசாழக்கெழமை ஆளு வேண்டாம்னு சொல்லிரு. ரெண்டு வாரம் போகட்டும். ஆமா. நாளைக்கு மோட்டாரு போட்டுத் தண்ணி கட்டு. அப்படியே மேக்காலத் தோட்டத்து அண்ணங்கிட்டயும் சொல்லு, அவரும் புடுங்க வேண்டாம்."